இழுவையும் பாய்ச்சலும்

ஒருவனுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று கேட்க நமக்குத் தெரியும். அந்தப் பலம் அவனிடமிருந்து எப்படி வெளியே வருகிறது என்று கேட்க அவ்வளவாகத் தெரியாது. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று விசாரிக்கிறோம். அந்தச் சம்பளம் முதல் தேதி மாலை எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைகிறது என்று விசாரிப்பதில்லை. தலைவருக்கு எத்தனை செல்வாக்கு என்று அளக்கிறோம். அந்தச் செல்வாக்கு எந்த வேளையில் யார் தலைமேல் இறங்கும் என்று யோசிப்பதில்லை. பலத்துக்கு அளவு உண்டு. அளவோடு கூட ஒரு நடையும் உண்டு. இந்த இரண்டில் மனித வாழ்க்கைக்கு எது முக்கியம் என்ற கேள்வியைக் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

கேள்வியை எனக்கு எடுத்துக் கொடுத்தது வேதாந்த நூல் எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிள்தான். கதை எழுதுகிறவனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். மயிலாப்பூரில் குடியிருப்பவனுக்கு எல்லாவற்றோடும் சம்பந்தம் வந்துவிடும். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மாலை நேரத்தில் அவர் கடை வாசலில் கிடக்கும் பெஞ்சியில் அடையாற்றிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் வாலிபர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். வண்டி வேலை ஒரு சாக்கு. பேச்சுத்தான் உண்மையான வேலை. எழுத்தாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நானும் போய் உட்கார்ந்துகொள்வேன்.

சென்னைக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. சோழவரத்தில் யுத்த காலத்து விமான தளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனித் தடம் வந்தது. ஆனால் நம் பெஞ்சி வாலிபர்களுக்குத் தார்ச்சாலைப் பந்தயத்தில் அவ்வளவு ருசி இல்லை. அவர்களுடைய மோகமெல்லாம் மோட்டோகிராஸ் என்ற மண் பந்தயத்தின் மீதுதான். மேடு, பள்ளம், மணல், சேறு, திடீர் வளைவு எல்லாம் நிறைந்த தடம் அது. வண்டி பாதி நேரம் ஆகாயத்தில் இருக்கும். மீதி நேரம் மண்ணோடு மல்லுக்கு நிற்கும்.

அவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு.

“நூத்தி இருபத்தஞ்சுதான் சார் வண்டி!” என்பான் அடையாற்றுப் பையன். “கீழே ஒண்ணுமே இருக்காது, தூங்கிட்டிருக்கும். ஒரு கட்டம் தாண்டினதும் பாருங்க, பின்னாலேருந்து யாரோ எட்டி உதைச்ச மாதிரி கிளம்பும். அந்த உதைதான் சார் டூ ஸ்ட்ரோக்!”

“உதை வாங்கறதுக்கா வண்டி ஓட்டறோம்?” என்பான் தியாகராய நகர்க்காரன். “எந்த இடத்துல முறுக்கினாலும் இழுக்கணும். அதுக்கு இருநூத்தி ஐம்பதுதான்.”

முதலாமவன் சொல்வதை நம் ஊரில் ‘பிக்கப்’ என்கிறார்கள்; இரண்டாமவன் சொல்வதை ‘இழுவை’ என்கிறார்கள். ஒரு நாள் இந்த வழக்கு உச்ச ஸ்தாயிக்குப் போனபோது, கையில் ஸ்பானரோடு குனிந்திருந்த மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “ரெண்டு பேரும் வண்டியைப் பத்தியே பேசறீங்களே தம்பி, மண்ணைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்களே!”

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மேலே போவதற்கு முன், இந்த என்ஜினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இன்று நாம் ஓட்டும் பெட்ரோல் வண்டிகளில் இருப்பது நான்கு வீச்சு என்ஜின். கலவையை உள்ளே இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளியே தள்ளுவது என்ற நான்கு வேலைக்கும் பிஸ்டனுக்குத் தனித்தனி வீச்சு உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் அந்த நிதானம் கிடையாது. பிஸ்டன் ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. அதற்குள் நான்கு வேலையும் முடிந்தாக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆகையால் அளவுக்கு மீறிய பலம், குறைந்த உறுப்புகள், குறைந்த எடை. ஆனால் எரிந்த புகை போய்க்கொண்டிருக்கும்போதே புதுக் கலவை உள்ளே வந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்திருக்கும் முன்பே இரண்டாம் பந்திக்காரர்கள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? புதிதாக வந்தவர்களில் சிலர் சாப்பிட்டவர்களோடு நெருக்கித் தள்ளப்பட்டு, பசியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள் அல்லவா? டூ ஸ்ட்ரோக்கிலும் எரியாத பெட்ரோலும் எண்ணெயும் இப்படித்தான் தெருவுக்கு வருகின்றன.

இந்த என்ஜினை நம் நடுத்தர வீட்டுக்குப் பழக்கியது டி.வி.எஸ். 50. 1980-ல் வந்தது. அதன் வழியில் பின்னால் வந்த எக்ஸ்.எல். சூப்பருக்கு அளவு 70 சி.சி., பலம் மூன்றரைக் குதிரைத்திறன். அதன் மேல் அரிசி மூட்டை போகும், பால் கேன் போகும், மாட வீதிக் கடைகளுக்கு வாழையிலைக் கட்டு போகும், கணவனும் மனைவியும் இரண்டு குழந்தைகளும் போவார்கள். மோட்டோகிராஸ் 125 வண்டியும் அதே ஜாதி என்ஜின்தான். அளவில் இரண்டு மடங்கு கூட இல்லை. பலமோ 40 குதிரைத்திறனை ஒட்டி நிற்கும். பத்து மடங்குக்கு மேல்! ஒன்று பாலைச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுக்கிறது. மற்றொன்று அசந்தால் ஏறியவனையே கீழே தள்ளிவிடுகிறது.

இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், நாம் சைலன்ஸர் என்று சொல்லும் குழாய். பந்தய வண்டியில் அது நடுவில் வயிறு பருத்து, பிறகு குறுகியிருக்கும். புகை குழாய்க்குள் பாயும்போது கூடவே ஓர் அலையும் பாய்கிறது. குழாய் விரியும் இடம் அந்த அலையின் ஒரு பங்கைத் திருப்பி, சிலிண்டரில் மிஞ்சிய புகையை வெளியே இழுக்கிறது. குழாய் குறுகும் இடம் இன்னொரு பங்கைத் திருப்பி, தப்பி ஓடப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடியும் உள்ளே தள்ளுகிறது. சாப்பிடாமல் வாசலுக்கு வந்துவிட்டவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் இலை முன்னால் உட்கார வைக்கும் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி. ஆனால் அந்தப் பெரியவர் சரியான நிமிஷத்தில் வாசலுக்கு வர வேண்டும். முன்னதாக வந்துவிட்டுப் போனாலும் பிரயோஜனமில்லை. கதவு சாத்திய பிறகு வந்தாலும் பிரயோஜனமில்லை. என்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் அலை திரும்புவதும் கதவு சாத்துவதும் ஒத்துப்போகும். அந்த எல்லைக்குக் கீழே வண்டி தூங்கி வழியும். எல்லைக்குள் நுழைந்ததும் சீறிப் பாயும். அடையாற்றுப் பையன் சொன்ன ‘உதை’ இதுதான்.

இந்த வித்தையைச் செம்மைப்படுத்தியவர்களில் தலையானவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் இருந்த வால்டர் காடன். யுத்த காலத்தில் ராக்கெட் ஆராய்ச்சி நடந்த பீனமுண்டேயில் வேலை பார்த்தவர். 1961-ல் அவருடைய 125 சி.சி. என்ஜின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன இடத்திலிருந்து தப்பி ஓடி, அந்த இரகசியத்தை ஜப்பானிய சுஸுகி கம்பெனிக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே சுஸுகிக்கு 50 சி.சி. உலகப் பட்டம் கிடைத்தது. டெக்னர் செய்தது தர்மமா என்பது தனி வழக்கு. இங்கே எனக்கு வியப்பாக இருப்பது, தேசம் விட்டுத் தேசம் திருட்டுப்போன பொருள் என்ன என்பதுதான். துளைகளும் குழாயும் எந்த அளவில் இருக்க வேண்டும், அலை எந்தக் கணத்தில் திரும்ப வேண்டும் என்ற கணக்கு அது. பலம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும் பங்கு, வேளை தெரிந்திருப்பது.

மறுபடி நம் வாலிபர்களின் வழக்குக்கு வருவோம். மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்கில் 125, 250, 500 என்று மூன்று பெரிய வகுப்புகள் இருந்தன. 125-க்கு உயிர் இருப்பது 11,000 சுற்றை ஒட்டி. அதை ஓட்டுகிறவன் ஒரு கணம் அசந்து வேகத்தை இழந்தால் வண்டி மறுபடி தூங்கப் போய்விடும். கிளட்சைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 250 கீழேயிருந்தே ஓரளவு இழுக்கும். எட்டாயிரத்துச் சொச்சம் சுற்றில் பலத்தின் உச்சி. 500-க்கு ஆறாயிரம் சுற்றே போதும். தொட்ட இடத்திலெல்லாம் பலம். அவ்வளவு பலத்தை மண் வாங்கிக்கொள்ளாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று பள்ளம் பறிக்கும். ஆகவே 500-ல் ஏறியவன் பலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை; இருக்கிற பலத்தை எங்கே கொடுக்காமல் இருப்பது என்பதே அவன் கற்க வேண்டிய பாடம். ஹோண்டாவின் சி.ஆர்.500 வண்டி 2001-ம் ஆண்டு மாடலோடு நின்றுபோனதில் ஆச்சரியமில்லை.

இதில் எது சிறந்தது என்று உலகமும் நிலையான தீர்ப்பு எதையும் சொல்லிவிடவில்லை. 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டும் 500 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை ஜெஃப் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் பி.எஸ்.ஏ. நான்கு வீச்சு வண்டியில் வென்றார். 1966-ல் பால் ஃப்ரீட்ரிக்ஸ் என்ற கிழக்கு ஜெர்மானியர் செக்கோஸ்லோவாகியாவின் சி.இசட். டூ ஸ்ட்ரோக்கில் வந்து அதைப் பறித்துக்கொண்டார். அடுத்த இரண்டு ஆண்டும் அவரே. அந்தச் சி.இசட்.டுக்கு நெருங்கிய உறவான ஜாவாதான் 1961 முதல் மைசூரில் தயாராகி, பிற்பாடு யெஸ்டி என்ற பெயரில் நம் தெருக்களில் ஓடியது. பல ஆண்டுகள் மண் தடத்தில் டூ ஸ்ட்ரோக்கின் ராஜ்யம். 1998-ல் டக் ஹென்றி என்பவர் யமஹாவின் 400 சி.சி. நான்கு வீச்சு வண்டியில் அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றதும் காற்று மறுபடி திசை மாறிற்று. இழுவையும் ஜெயித்திருக்கிறது, பாய்ச்சலும் ஜெயித்திருக்கிறது. மண்ணும் காலமும் விதிகளும் மாறும்போது வெற்றியும் இடம் மாறியிருக்கிறது.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பள்ளிக்கூடத்தில் படித்தபோது மூன்றும் ராஜாக்களுக்குச் சொன்னவை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த வரிசையே எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. பலத்தை அறிவதோடு வள்ளுவர் நிறுத்தவில்லை. அடுத்தபடி வேளையை அறியச் சொல்கிறார். அங்கேதான் பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடா வருகிறது. அதற்கும் அடுத்தபடி இடத்தை அறியச் சொல்கிறார். அங்கே சேற்றில் கால் புதைந்த யானை வருகிறது. மெக்கானிக் கேட்டது இந்த மூன்றாவது அதிகாரத்தைத்தான். பலம் எவ்வளவு இருந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியது மண் அல்லவா?

மனிதர்களுடைய பலத்துக்கு மண் யார்? கூட இருக்கும் மனிதர்கள்தான்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றைச் சொல்லுகிறேன். பனகல் பூங்காவுக்கு அருகே ஒரு தெருவில் இருந்தார்கள். விதவைத் தாயாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் சாதாரண குமாஸ்தா. அம்மா அவரோடுதான் இருந்தாள். பால் கணக்கு, மளிகை, இரத்த அழுத்த மாத்திரை, கண் டாக்டர் எல்லாம் மாதா மாதம் ஓசைப்படாமல் நடந்துகொண்டிருந்தன. இளையவர் பம்பாயில் வியாபாரம். எட்டு மாதம் ஒரு தகவலும் இருக்காது. திடீரென்று தீபாவளிக்கு முதல் நாள் டாக்ஸியில் வந்து இறங்குவார். அம்மாவுக்குப் பட்டுப் புடவை, வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ், தெருக் குழந்தைகளுக்கெல்லாம் மத்தாப்பு. “என் சின்னவன் மாதிரி யாருக்கு வரும்?” என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லுவாள். மூத்த மருமகள் அதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே அப்பளம் பொரிப்பாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் தீர்ப்பு சுலபம். மூத்தவரே உத்தமர் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் 2004-ல் ஓர் இரவு அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது. காலைக்குள் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இருபது வருஷம் ஓசைப்படாமல் இழுத்த மூத்தவரால் அந்த ஒரு மேட்டை ஏற முடியவில்லை. தம்பிக்குப் போன் செய்தார். விடியற்காலையில் பணம் வந்தது. அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள்.

ஆக, அந்த வீட்டில் பலசாலி யார்? மூத்தவரிடமே ஒரு நாள் இதைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அவன் காப்பாத்தினான், அதை நான் மறக்க மாட்டேன் சார். ஆனா அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினப்போ ‘பார்க்கறேன்’னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டான். பணம் வருமா வராதான்னு தெரியாம விடியற வரைக்கும் அந்த பெஞ்சிலே உட்கார்ந்திருந்தேன் பாருங்கோ, அந்த அஞ்சு மணி நேரத்தை யார் கணக்கிலே எழுதறது?”

பாய்ச்சலின் உண்மையான விலை எங்கே இருக்கிறது என்பதை அவர் சொல்லிவிட்டார். தம்பி கொடுத்தது பெரிது. ஆனால் அது வருமோ வராதோ என்ற பாரத்தை அண்ணன் சுமந்தார். வீடுகளில் கோபத்துக்கும் இதே கதிதான், அன்புக்கும் இதே கதிதான். எப்போது வெடிக்கும் என்று தெரியாத கோபத்தைவிட, எப்போது வரும் என்று தெரியாத அன்பு குழந்தைகளை அதிகமாக வதைப்பதை நான் பார்த்திருக்கிறேன். கோபத்துக்குப் பயந்து ஒதுங்கிக்கொள்ளலாம்; அன்புக்காக வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறதே!

இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: “அவன் சுபாவம் அப்படி.” அந்த அம்மாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சுபாவம் என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது. பலமும் அது வெளிவரும் விதமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே பிறந்தவை என்று ஆகிவிடுகிறது. இது உண்மைதானா?

என்ஜின்காரர்களும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தார்கள். பலம் வேண்டுமானால் பாய்ச்சலைச் சகித்துக்கொள். சாது வண்டி வேண்டுமானால் பலத்தைக் குறைத்துக்கொள் என்பதே சித்தாந்தம். 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இந்தியாவில் விற்க ஆரம்பித்த ராஜ்தூத் 350 இதற்கு நல்ல உதாரணம். ஜப்பானில் சுமார் 39 குதிரைத்திறனோடு இருந்த யமஹா வண்டியை நம் ஊர்ச் சாலைக்கும் பெட்ரோல் செலவுக்குமாக அடக்கி, சுமார் 30 குதிரைத்திறனில் ஒன்று, 27 குதிரைத்திறனில் ஒன்று என்று இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். வாலிபர்கள் முதல் விதத்தைத் தேடி அலைந்தார்கள், இன்றும் அலைகிறார்கள். அடக்கம் என்றால் பலத்தை வெட்டிக்கொள்வது என்று சொன்னால் யாருக்குத்தான் அடக்கத்தின் மேல் ஆசை வரும்?

ஆனால் யமஹாவே வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தது. புகை வெளியேறும் வாசலில் ஒரு சின்ன அடைப்பை வைத்தார்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது வாசலின் உயரம் குறைந்திருக்கும். வேகம் ஏற ஏற உயரும். 1970-களின் கடைசியில் சாலைப் பந்தய வண்டிகளில் புகுந்த இந்த ‘பவர் வால்வு’, 1980-களின் தொடக்கத்தில் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கும் வந்துவிட்டது. விளைவு என்ன? உச்சியில் இருந்த பலம் உச்சியிலேயே இருந்தது. கீழே தூங்கி வழிந்த வண்டி விழித்துக்கொண்டது. சுபாவம் என்று எண்ணியிருந்தது, வாசல் ஒரே உயரத்தில் நின்றுவிட்டதன் பலன்தான்!

இதைவிட எளிய வழியையும் நம் மெக்கானிக் எனக்குக் காட்டினார். பாய்ச்சல் தாங்க முடியாத வண்டிக்கு ஃபிளைவீலின் எடையைக் கொஞ்சம் கூட்டிவிடுவார்களாம். கூட்டிய எடையால் என்ஜினின் பலம் குறைவதில்லை. வேகம் சடக்கென்று ஏறாது. சடக்கென்று இறங்கவும் செய்யாது. சக்கரம் மண்ணைப் பறிக்காமல் பற்றிக்கொண்டு போகும். கோபம் வந்தவனைப் பத்து எண்ணச் சொல்கிறார்களே, பெரிய தொகை கொடுக்க நினைப்பவனை மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறார்களே, அதெல்லாம் இந்தக் கூடுதல் எடை மாதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஓர் ஆட்சேபம் எழலாம். எல்லாவற்றையும் இப்படிச் சமப்படுத்திவிட்டால் உலகத்தில் வீரம் என்று ஒன்று மிஞ்சுமா? குமாஸ்தாக்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தேசம் விடுதலை அடைந்தது? நியாயமான ஆட்சேபம்தான். பாய்ச்சலைப் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. 1992-ல் ஹோண்டா கம்பெனி தன் 500 சி.சி. சாலைப் பந்தய வண்டியில் ஒரு விந்தை செய்தது. நான்கு சிலிண்டர்களும் சம இடைவெளியில் வெடிப்பதை மாற்றி, எல்லா வெடிப்புகளையும் நெருக்கி ஒரே மூச்சில் முடித்து, பிறகு நீண்ட ஓய்வு கொடுத்தார்கள். அந்த ஓய்வில் டயர் தன் பிடிப்பை மறுபடி சேகரித்துக்கொண்டது. ஓட்டுகிறவனுக்கு அது அடங்கியது. பாய்ச்சலுக்குப் பின்னால் மண்ணுக்கு அவகாசம் கொடுத்தால், பாய்ச்சலும் நல்ல நடைதான்.

விடுதலைப் போராட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்புச் சத்தியாக்கிரகத்தைவிடப் பெரிய பாய்ச்சல் நம் காலத்துச் சரித்திரத்தில் உண்டா? ஆனால் காந்தியடிகள் அதை எப்படிச் செய்தார்? 1930 மார்ச் 2-ந் தேதி வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி, தான் செய்யப்போவதை முன்கூட்டியே தெரிவித்தார். 12-ந் தேதி புறப்பட்டு, ஏப்ரல் 6-ந் தேதி தண்டியில் உப்பு எடுத்தார். நடுவில் நாட்கணக்கில் நடை. அதே ஏப்ரலில் ராஜாஜியும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போனார். ஒரு சாம்ராஜ்யத்தை அசைத்த பலம், எந்த நாளில், எந்த வழியில், எந்த வேகத்தில் வரும் என்று எதிரிக்கே சொல்லிவிட்டு வந்தது. எதிரிக்கே இந்த மரியாதை என்றால், சொந்த அண்ணனுக்கும் மனைவி மக்களுக்கும் எவ்வளவு மரியாதை பாக்கி இருக்கிறது!

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக் நம் ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் பலக் குறைவு அன்று. 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ன் பதினொரு குதிரைத்திறனைப் பற்றி இன்றும் பழைய காதலியைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார்கள். 1996-லேயே அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் புதுப்பேட்டையில் அதன் சாமான்களுக்குக் கிராக்கி குறையவில்லை. 1996-லும் 2000-லும் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகள் டூ ஸ்ட்ரோக்கை மெல்ல மெல்ல வெளியேற்றின. சாப்பிடாமல் வாசலுக்கு வந்துவிட்ட அந்தக் கலவை லஸ் முனையில் நிற்கும் டிராபிக் போலீஸ்காரரின் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவனுக்குப் பாய்ச்சலின் ஆனந்தம். பின்னால் வந்தவனுக்கு இருமல். தன் பலத்தின் மிச்சம் எங்கே போய் விழுகிறது என்று திரும்பிப் பார்க்காதவனை, அவன் எவ்வளவு பெரிய கொடையாளியானாலும், முழு மனிதன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மின்சார வண்டிகள் வந்துவிட்டன. மோட்டோகிராஸுக்கும் வந்துவிட்டன. 2021-ல் வெளியான ஸ்டார்க் வார்க் என்ற வண்டியில், பலம் எவ்வளவு, எந்த நடையில் வர வேண்டும் என்பதை ஓட்டுகிறவனே செல்போனில் அமைத்துக்கொள்ளலாம். 125 மாதிரி உதைக்க வேண்டுமா, உதைக்கும். சாதுவாக இழுக்க வேண்டுமா, இழுக்கும். இனிமேல் அங்கே ‘வண்டியின் சுபாவம் அப்படி’ என்ற சமாதானம் செல்லாது. எந்த நடையில் வந்தாலும் அது ஓட்டுகிறவன் தேர்ந்தெடுத்த நடை.

மனிதனுக்கு அந்தச் சௌகரியம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. செல்போனில் விரலை வைத்துக் குணத்தை மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய முடியும். ‘பார்க்கிறேன்’ என்று போனை வைப்பதற்குப் பதிலாக ‘காலை ஆறு மணிக்குள் அனுப்புகிறேன்’ என்று சொல்ல முடியும். இதற்குக் கூடுதல் பணம் வேண்டாம், பலமும் குறைந்துபோகாது. மூத்தவர் கேட்ட அந்த ஐந்து மணி நேரம் மட்டும் மிச்சமாகும்.

சாயங்காலம் தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், அப்பா என்ஜினை அணைக்கும் விதத்தை வைத்தே அன்றைய அவருடைய மனநிலையைச் சொல்லிவிடும் குழந்தைகள் இந்தச் சென்னை நகரத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். சத்தம் ஒரு மாதிரி இருந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். வேறு மாதிரி இருந்தால் வாசலுக்கு ஓடுவார்கள். அவர்கள் அந்த வித்தையைக் கற்றிருக்கிறார்கள் என்பதை அப்பாக்கள் பெரும்பாலும் அறிவதில்லை. நம்முடைய பலத்தைப் பற்றி யாராவது நமக்கு உள்ளபடி சொல்ல வேண்டுமானால், அந்தக் குழந்தைகளைத்தான் கேட்க வேண்டும்.